ஸ்கந்திநேவிய மூவர் இசையும் தமிழர் வயலினும்

இருவேறு மரபுகளிற் பயின்ற இசைவாணர் ஓரிடத்துக் கூடி இசைக்கும்போது, அக்கூட்டு இசையாக அமைந்ததா, அன்றி வெறும் வேடிக்கையாக முடிந்ததா என்று அறிதற்குரிய அளவுகோல் யாது? கலப்பிசை என்னும் பெயரால் நாள்தோறும் புதிய ஒலிப்பதிவுகள் வந்த வண்ணம் இருக்கும் இக்காலத்தில் இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. இதற்கு விடை கூறுவோர் பெரும்பாலும் இரு கட்சியினராய் நிற்கின்றனர். ஒரு சாரார், கலந்தது எதுவாயினும் அது கெட்டது என்பர். மறு சாரார், கலந்தது எதுவாயினும் அது வளர்ச்சி என்பர். இசையைக் கேளாமலே முடிவு கூறிவிடலாம் என்னும் வசதி இரு கட்சியினருக்கும் பொதுவாக உள்ளது. ஆனால் திறனாய்வு என்பது கேட்ட பின்னரே தொடங்க வேண்டியதாகும்.

அளவுகோலைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதையிலே, பல கருவிகள் ஒருங்கே இயம்பிய முறையைக் கூறப் புகுந்த இளங்கோவடிகள், அவற்றின் ஆற்றலைத் தனித்தனியே புகழ்வதோடு அமையவில்லை. ஒரு கருவி மற்றொன்றன் வழியே அடங்கி நின்று இயைந்த ஒழுங்கையே சிறப்பாக எடுத்துரைக்கின்றார். ஆகவே கூட்டிசையின் மேன்மை, ஒவ்வொரு கலைஞனும் எவ்வளவு காட்டினான் என்பதைக் காட்டிலும், எவ்வளவு அடக்கினான் என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது. இந்த அளவுகோலைக் கொண்டு, 1983 ஆம் ஆண்டு நோர்வே நாட்டின் தலைநகராகிய ஒஸ்லோவிலே, யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்த தமிழ் வயலின் கலைஞர் ஒருவரும் ஸ்கந்திநேவிய ஜாஸ் இசைவாணர் இருவரும் கூடி அளித்த 'விஷன்' என்னும் இசைத்தட்டை மதிப்பிடுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். அதன் பெருமையை உணர்வதற்கு, அந்நாடுகளில் ஜாஸ் இசை எவ்வாறு வளர்ந்தது என்பதையும், குறிப்பாகப் பியானோ மூவர் குழு என்னும் அமைப்பின் இயல்பையும் முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

ஜாஸ் என்பது அமெரிக்காவில் ஆபிரிக்க வழிவந்த மக்களிடையே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்ற இசை. முன்னரே அமைந்த ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அதன் அடிப்படை மாறாமல், அவ்வப்போது தோன்றும் கற்பனையால் விரித்து, இறுதியில் மீண்டும் அம்மெட்டுக்கே திரும்புதல் அதன் பொதுவான நடைமுறை. பல்லவியை எடுத்து நிரவலும் கற்பனைச் சுரமும் பாடிப் பல்லவிக்கு மீளும் நம் மரபை அறிந்தோருக்கு இது விளங்குதற்கு அரியதன்று. பியானோ, டபிள் பேஸ் எனப்படும் பெரிய தந்திக் கருவி, முழவுத் தொகுதி ஆகிய மூன்றும் சேர்ந்தது பியானோ மூவர் குழு. தொடக்கத்தில் அதிலே பியானோ தலைமை வகிக்க, ஏனைய இரண்டும் பணிவிடை செய்தன. 1961 இல் நியூயோர்க் நகரின் வில்லேஜ் வான்கார்ட் என்னும் சிறு அரங்கிலே பில் எவன்ஸ், ஸ்கொட் லபாரோ, போல் மோஷன் ஆகிய மூவரும் இசைத்துப் பதிவுசெய்த தட்டுகள் வெளிவந்தபின், அம்மூன்று கருவிகளும் ஒத்த நிலையில் நின்று உரையாடலாம் என்பது உலகிற்கு விளங்கிற்று.

இந்த உரையாடற் பண்பை ஸ்கந்திநேவிய நாட்டார் தமக்கே உரிய வகையில் ஏற்றுக்கொண்டனர். சுவீடன் நாட்டுப் பியானோக் கலைஞர் யான் யோஹான்சன் (1931–1968), கியோர்க் ரீடல் என்பவரின் பேஸ் துணையுடன் 1964 இல் வெளியிட்ட 'ஜாஸ் போ ஸ்வென்ஸ்கா', அதாவது 'சுவீடிய வழியில் ஜாஸ்', என்னும் தட்டு இவ்வகையில் முதன்மையானது. அதிலுள்ளவை யாவும் சுவீடன் நாட்டுக் கிராமங்களிற் பாடப்பட்டும் வாசிக்கப்பட்டும் வந்த பழைய மெட்டுகள். யோஹான்சன் அவற்றுக்கு அணிகலன் பூட்டவில்லை. மெட்டை ஏறக்குறைய உள்ளவாறே வாசித்து, ஓரிரு இடங்களில் மட்டும் சற்றே தயங்கி, ஒரு சுரத்தை நிழல்போல் அருகே வைத்து நகர்ந்துவிடுகின்றார். கேட்போனுக்கு, பாடலைப் பாடிய மூதாட்டியும் அதைக் கேட்டு வளர்ந்த பேரனும் ஒருங்கே அமர்ந்திருப்பது போன்ற உணர்வு உண்டாகின்றது. சுவீடனில் மிகுதியாக விற்பனையான ஜாஸ் தட்டு என்று இது பேர்பெற்றமை, எளிமைக்கும் மக்கள் மனத்துக்கும் உள்ள நெருக்கத்தைக் காட்டும்.

யோஹான்சனின் பின் வந்தோரும் இவ்வழியை முற்றாக விடவில்லை. சுவீடியப் பியானோக் கலைஞர் போபோ ஸ்டென்சன், நோர்வேயினரான அரில்ட் அண்டர்சன், யோன் கிறிஸ்டென்சன் ஆகிய இருவருடன் 1971 இல் ஒஸ்லோவிற் பதிவுசெய்த மூவர் இசை இதற்குச் சான்று. 1993 இல் முதல் தட்டை வெளியிட்ட எஸ்பியோர்ன் ஸ்வென்சன் மூவர் குழு, மின்னொலிகளையும் இளைஞர் விரும்பும் தாள வேகத்தையும் சேர்த்துக்கொண்டு, அமெரிக்காவின் பழம்பெரும் ஜாஸ் சஞ்சிகையான 'டவுன் பீட்' டின் முகப்பில் 2006 இல் இடம்பெற்ற முதல் ஐரோப்பிய ஜாஸ் குழு என்னும் பெயரைப் பெற்றது. 2008 இல் ஸ்வென்சன் கடலிற் சுழியோடும்போது உயிரிழந்தமையால் அக்குழுவின் பயணம் முற்றுப்பெற்றது. நோர்வேயின் டோர்ட் குஸ்தாவ்சன் மூவர் குழு 2003, 2005, 2007 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று தட்டுகளும் இதற்கு மாறான திசையிற் சென்றவை. தேவாலயத் துதிப்பாடல்களிற் பயின்ற குஸ்தாவ்சன், ஒரு சுரத்தை ஒலித்தபின் அது தேய்ந்து அடங்கும் வரை காத்திருந்து, அதன் பின்னரே அடுத்ததைத் தொடும் இயல்பினர். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசும் பெரியவர் ஒருவரின் பேச்சைப்போல அவ்விசை செல்கின்றது. எனினும் அழகிய மெதுநடை தொடர்ந்து வருமாயின், ஒரு பாடலுக்கும் மறு பாடலுக்கும் வேறுபாடு தெரியாமற் போகும் குறை அங்கே இல்லாமலில்லை என்பதையும் கூறவேண்டும்.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. பியானோ எவ்வளவு பெருங்கருவியாயினும் அதற்கு ஒரு வரம்பு உண்டு. அதன் ஒவ்வொரு கட்டையும் ஒரு நிலையான சுரத்தையே தரும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்லவோ, ஒரே சுரத்தை அசைத்து உயிரூட்டவோ அதனால் இயலாது. அதாவது, தென்னக இசைக்கு உயிராகிய கமகம் அதற்கு எட்டாதது. அக்குறையை ஈடுசெய்வதற்கே மேனாட்டார் பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் ஒத்திசைக் கூட்டுகளை வளர்த்தனர் என்று கூறிவிட முடியாது. எனினும், கமகத்தில் நம்மவர் காணும் நிறச் செறிவை அவர்கள் அக்கூட்டுகளிற் காண்கின்றனர் என்று கூறுதல் தகும். ஆதலின், பியானோவின் இருக்கையில் கமகம் பேசும் கருவி ஒன்றை அமர்த்தினால் ஸ்கந்திநேவிய மூவர் இசை என்னவாகும் என்பது வெறுங் கற்பனை வினாவன்று. 'விஷன்' தட்டு அவ்வினாவிற்கு விடையாகவே அமைந்துள்ளது.

அக்கருவி வயலின். தென்னக இசையின் பக்கத் துணையாய், தனிக் கருவியாய் இன்று விளங்கும் வயலின், இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் நமக்கு அயற்கருவி. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதரும் (1786–1859), தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் அதனைத் தென்னக இசைக்கு உரியதாக்கினர். நின்றுகொண்டு தோளில் ஏந்தி வாசிக்கப்பட்ட கருவி, நிலத்தில் அமர்ந்து, தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசிக்கப்படலாயிற்று. இவ்வாறு இடக்கையின் பிடி தளர்ந்தமையாலேயே விரல்கள் தந்தியின்மேல் தடையின்றி வழுக்கிச் சென்று கமகம் பேசலாயின. தந்திகளின் சுருதியும் மாற்றப்பட்டது. அயலிலிருந்து வந்த பொருளைத் தன் மரபின் தேவைக்கேற்பத் திருத்திக்கொண்ட இச்செயல், கலப்பின் தூய்மை பற்றிப் பேசுவோர் மறக்கலாகாத முன்மாதிரி.

இவ்வயலின் மரபிலே வந்தவர் எல். சங்கர். 1950 இல் சென்னையிற் பிறந்த அவர், தந்தையார் வி. லக்ஷ்மிநாராயணர் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்து வந்தமையால் தம் இளமைப் பருவத்தை அங்குக் கழித்தார். தமையன்மாராகிய எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் ஆகியோரும் தந்தையிடமே வயலின் பயின்று பெயர்பெற்றவர்கள். 1958 ஆம் ஆண்டின் இனக்கலவரம் அக்குடும்பத்தை இலங்கையை விட்டு நீங்கச் செய்தது. ஒரு நாட்டிலிருந்து அஞ்சிப் புறப்பட்டவர்கள் கையோடு எடுத்துச் செல்லக்கூடியது எது? வீட்டையும் நிலத்தையும் எடுத்துச் செல்ல இயலாது. தந்தை மைந்தருக்குக் கற்பித்த பாடம் அவர்களுடனேயே சென்றது. பின்னர் அமெரிக்கா சென்ற சங்கர், 1974 இல் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இனவழி இசையியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில், டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்ற ஆங்கிலேயக் கித்தார்க் கலைஞர் ஜோன் மக்லோக்லினுடன் கூடி, 1975 இல் 'சக்தி' என்னும் குழுவை அமைத்தார். தபேலாவுக்கு ஸாகிர் ஹுசைனும் கடத்துக்கு டி. எச். விநாயக்ராமும் அமைந்தனர்.

'சக்தி' யின் புகழ் பெரிது. ஆயினும் 1976 இல் வெளிவந்த அதன் முதல் தட்டை இன்று பொறுமையாகக் கேட்போர், அங்கே வேகமே பெரும்பாலும் அரசு செய்வதை உணர்வர். கித்தார் ஓடினால் வயலினும் ஓடும். வயலின் பாய்ந்தால் தபேலாவும் பாயும். இளமையின் எழுச்சியும் வியக்கத்தக்க பயிற்சியும் அதில் உண்டு. கேள்வி பதில்போல் அமைந்த இடங்களில் உண்மையான மகிழ்ச்சியும் உண்டு. ஆயினும் முன்னர்க் கூறிய அளவுகோலால் அளக்குங்கால், அங்கே கலைஞர் ஒருவரையொருவர் பின்தொடர்ந்தனர் எனலாமேயன்றி, ஒருவருக்காக மற்றவர் அடங்கினர் எனல் அரிது.

'சக்தி' யின் முதற்கட்டம் முடிவுற்றபின், சங்கர் தமக்கென்று ஒரு கருவியை வகுத்தார். இரு கழுத்துகளும் பத்துத் தந்திகளும் கொண்ட மின்னியல் இரட்டை வயலின் அது. மேற்கத்திய வாத்தியக் குழுவில் டபிள் பேஸ், செல்லோ, வியோலா, வயலின் ஆகிய நான்கும் பகிர்ந்துகொள்ளும் ஒலியெல்லை முழுவதையும் அவ்வொரு கருவி தன்னுட் கொண்டது. 1981 இல் வெளிவந்த 'ஹூஸ் டு நோ' என்னும் தட்டில், உமையாள்புரம் கே. சிவராமனின் மிருதங்கமும் ஸாகிர் ஹுசைனின் தபேலாவும் துணைநிற்க, இக்கருவியில் இராகம் தானம் பல்லவியையே அவர் வாசித்தார். அதாவது, புதுக்கருவியை அயல் இசைக்குக் கொண்டு செல்லுமுன் தன் மரபின் மிகக் கடினமான சோதனைக்கு அதனை உட்படுத்தினார். இந்த வரிசை முறை கவனிக்கத்தக்கது. தன் வீட்டில் உறுதியாக நிற்கக் கற்றவனே அயல் வீட்டுக்குத் தயக்கமின்றிச் செல்ல வல்லவன்.

ஒஸ்லோவில் அவருடன் கூடியவர்கள் நோர்வேயின் யான் கார்பரெக், டென்மார்க்கின் பல்லே மிக்கல்போர்க் ஆகிய இருவருமாவர். 1947 இற் பிறந்த கார்பரெக், பதினான்காம் வயதில் ஜோன் கொல்ட்ரேனின் இசையை வானொலியிற் கேட்டுச் சாக்சபோனைக் கையிலெடுத்தவர். கொல்ட்ரேனோ இந்திய இசையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டு, பண்டிதர் ரவிசங்கரின் பெயரையே தம் மைந்தனுக்குச் சூட்டியவர். 1974 இல் அமெரிக்கப் பியானோக் கலைஞர் கீத் ஜரட்டுடன் ஒஸ்லோவிற் பதிவுசெய்த 'பிலோங்கிங்' தட்டினால் உலகறிந்தவரானார் கார்பரெக். மலைச்சரிவில் ஆடு மேய்ப்போன் எதிர்ச்சரிவை நோக்கி அழைக்கும் குரல்போலச் சுருங்கிய சொற்களில் நீண்டு ஒலிப்பது அவர் வாசிப்பு. 1941 இற் பிறந்த மிக்கல்போர்க், பின்னாளில் மைல்ஸ் டேவிஸைச் சிறப்பித்து 'ஓரா' என்னும் பெருந்தொடரை இயற்றி, 1985 இல் அவரையே கொண்டு வாசிக்கச் செய்து பதிவுசெய்தவர். ட்ரம்பெட் என்றால் போர்முரசின் தோழன் என்று எண்ணுவோருக்கு அவர் வாசிப்பு வியப்பளிக்கும். அது பெரும்பாலும் மூச்சின் ஓசைக்கு அண்மையில் நிற்கின்றது.

மன்பிரட் ஐக்கர் என்பவர் 1969 இல் ஜெர்மனியின் மியூனிச் நகரில் தொடங்கிய ஈ.சி.எம். நிறுவனம் 'விஷன்' தட்டை 1983 இல் வெளியிட்டது. ஒலிப்பதிவாளர் யான் எரிக் கொங்ஸ்ஹோக். ஒலிக்கும் சுரத்தைப் போன்றே அதைச் சூழ்ந்த அமைதியையும் பதிவுசெய்ய வேண்டும் என்பது அவ்விருவரின் கொள்கை எனலாம்; அவர்கள் சேர்ந்து அளித்த தட்டுகள் யாவும் அதற்குச் சான்றாய் உள்ளன. தட்டில் ஐந்து உருப்படிகள். ஐந்தும் சங்கர் இயற்றியவை. பியானோ இல்லை. டபிள் பேஸ் இல்லை. தாளக் கருவிக்கென்று தனிக்கலைஞர் ஒருவரும் இல்லை. 'சக்தி' யில் தாளத்தின் தோளேறி விரைந்த சங்கர், இங்கு அத்தோளைத் தாமே விலக்கிவிட்டார். அவர் விட்டுக்கொடுத்தவற்றுள் முதலாவது இது.

பியானோவும் பேஸும் செய்யவேண்டிய பணியை இரட்டை வயலினின் ஆழ்ந்த தந்திகள் ஏற்கின்றன. ஆனால் அவை பியானோவைப்போல் ஒத்திசைக் கூட்டுகளை அடுக்குவதில்லை. திருவிழாக் காலத்தில் நாகசுரத்தின் அருகே நின்று, ஒரே சுரத்தை இடையறாது ஊதும் ஒத்துக்காரரை எண்ணிப் பார்த்தல் இங்கே பொருந்தும். அவர் ஒருவரும் கவனியாத கலைஞர். எனினும் அவர் ஓய்ந்தால் நாகசுரத்துக்கு நிற்க இடமில்லை. சங்கரின் கீழ்த்தந்திகள் இத்தட்டில் அத்தகைய நிலத்தை விரிக்கின்றன. அந்நிலத்தின்மேல் சாக்சபோனும் ட்ரம்பெட்டும் நடக்கின்றன. தட்டுக்குத் தலைவர் சங்கர்; இயற்றியவரும் அவரே. அவ்வாறிருந்தும், பல இடங்களில் அவர் ஒத்துக்காரராய் நின்று ஏனையோரை முன்னே விடுகின்றார். அவர் விட்டுக்கொடுத்தவற்றுள் இது இரண்டாவது.

ஏனைய இருவர் விட்டுக்கொடுத்தது யாது? ஜாஸ் கலைஞனுக்கு ஒத்திசைக் கூட்டுகளின் தொடர்ச்சியே வழிகாட்டும் கைவிளக்கு. அது மாறும்போதெல்லாம் அவன் கற்பனையும் புதுத் திசையில் திரும்பும். இங்கே அவ்விளக்கை அவர்கள் கீழே வைத்துவிட்டனர். ஆதாரசுருதி ஒன்றையே நம்பி, சில சுரங்களுக்குள் நின்று, அவற்றின் வலிமையைச் சோதிக்கின்றனர். இதைவிடப் போற்றத்தக்கது ஒன்றுண்டு. கார்பரெக் தம் சாக்சபோனில் கமகத்தைப் போலிசெய்ய முயலவில்லை. பிற்காலத்தில் கத்ரி கோபால்நாத் (1949–2019) சாக்சபோனையே தென்னகக் கருவியாக்கிக் கமகம் முழுவதையும் அதில் வாசித்துக் காட்டினார். அது மரபுக்குள் வந்து குடியேறியவரின் வழி. கார்பரெக் விருந்தினர். விருந்தினர் வீட்டுக்காரரின் பேச்சைக் கொச்சையாகப் பேசிக் காட்டாமல், தம் மொழியிலேயே குரலைத் தாழ்த்திப் பேசினார். வயலின் இழைந்து இறங்கும் இடத்தில் சாக்சபோன் நேராக நிற்கின்றது. அவ்வாறு நிற்பதாலேயே வயலினின் இழைவு தெளிவாய்ப் புலப்படுகின்றது. கோடு நேராயிருந்தாலன்றி வளைவின் அழகு தெரியாது.

இவ்வாறு நோக்குமிடத்து, 'விஷன்' கலப்பிசை என்னும் பெயருக்குரியதன்று என்றுகூடச் சொல்லலாம். அங்கே பாலும் நீரும்போல எதுவும் கலக்கவில்லை. மூன்று குரல்கள் தத்தம் இயல்பு கெடாமல் ஒரே சுருதியின் கீழ் அமர்ந்துள்ளன. பியானோ மூவர் குழுவில் ஸ்கந்திநேவியர் வளர்த்த இடைவெளிப் பண்பு இங்கு முழுமையாக உண்டு. ஆலாபனையில் நம்மவர் வளர்த்த பொறுமையும் முழுமையாக உண்டு. இடைவெளியும் பொறுமையும் ஒரே பண்பின் இரு பெயர்கள் என்பதை இத்தட்டு உணர்த்துகின்றது. இதுவே இதன் தலையாய சிறப்பு.

குறைகள் இல்லையா எனின், உண்டு. தாளத்தின் கட்டு தளர்ந்தமையால், உருப்படிகளின் இடைப்பகுதி சிலவற்றில் இசை திசையின்றி மிதப்பதுபோல் தோன்றுகின்றது. ஆலாபனை நீண்டாலும் அது இராகத்தின் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு ஏறிச்செல்லும் கடமையுடையது. அந்த ஏற்றம் எப்போதும் இங்கு உணரப்படுவதில்லை. உருப்படிகளுக்கு இடப்பட்ட ஆங்கிலப் பெயர்களிற் சில, கீழைநாட்டு மறைஞானத்தை மேனாட்டாருக்கு விலைகூறிய அக்காலப் பழக்கத்தின் சாயலைக் கொண்டவை. இசைக்கு அவை தேவையில்லை. மேலும், ஒஸ்லோ ஒலிப்பதிவின் எதிரொலி நயம் சிறந்த இடத்தையும் சாதாரண இடத்தையும் ஒருங்கே அழகுபடுத்திவிடுவதால், கேட்போன் விழிப்புடன் இருத்தல் வேண்டும். அடுத்து 1985 இல் வெளிவந்த 'சோங் போர் எவ்ரிவன்' என்னும் தட்டில் ஸாகிர் ஹுசைனும் திரிலோக் குர்துவும் தாளத்துக்கு வந்து சேர்ந்தனர். அங்கே மிதப்பு நீங்கிற்று, நடை உறுதிப்பட்டது. ஆயினும் 'விஷன்' தட்டின் அரிய அமைதி அங்கே திரும்ப வரவில்லை. ஒன்றைப் பெறும்போது மற்றொன்றை இழப்பது கலைக்கு இயல்பே.

தூய்மை பேணுவோர் இங்கே ஒரு வினாவை எழுப்புவர்: இராக இலக்கணம் முழுமையாகக் காக்கப்படாத இசையை நம் மாணவர் கேட்டால், அவர்தம் சுவை கெடாதா? இவ்வச்சம் எள்ளி நகையாடத் தக்கதன்று. இசைத்தமிழின் தொன்மையை நிறுவுதற்கு வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு, 1947 இல் யாழ் நூலை வெளியிட்ட சுவாமி விபுலாநந்தரின் நாட்டில் மரபைப் பற்றிய கவலை இயற்கையே. ஆனால் சுவாமிகள் மேனாட்டு விஞ்ஞானமும் கற்று, ஒலியியற் கணக்கின் துணைகொண்டே பழந்தமிழ் யாழை ஆராய்ந்தார் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அயலறிவு அவருடைய தமிழை மெலிவிக்கவில்லை. சுவையைக் கெடுப்பது அயலிசையன்று. எதையும் ஊன்றிக் கேளாத பழக்கமே.

ஊவா மாகாணத்துத் தமிழருக்கு இத்தட்டுகள் கூறும் செய்தி இன்னும் அண்மையானது. யோஹான்சன் 1964 இல் எளிமையாக வாசித்த அம்மெட்டுகள் அவருக்கு எங்கிருந்து கிடைத்தன? 'ஸ்வென்ஸ்கா லோத்தர்' என்னும் பெருந்தொகுப்பிலிருந்தே. 1922 முதல் 1940 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அத்தொகுப்பில், சுவீடன் நாட்டு ஊர்ப்புறக் கலைஞரிடம் நேரிற் கேட்ட மெட்டுகள் சுரக்குறியீட்டில் எழுதப்பட்டன. தொகுத்தோர் உழைத்தனர், அவ்வுழைப்பின்மேல் கலைஞர் நின்றார். தொகுப்பு இல்லையேல் அந்த இசைத்தட்டு இல்லை.

பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் வழங்கிவந்த தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும், மாசி மாதத்துக் காமன் கூத்துப் பாடல்களும், பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளின் பாடல்களும், தப்பின் அடிவகைகளும் சுரமும் தாளமும் குறித்து முறையாகத் தொகுக்கப்பட வேண்டியவை. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983 இல் நூலாய் வெளிவந்தது. அது பெரும்பணி. ஆயினும் அச்சு காப்பது சொற்களையே. மெட்டைக் காப்பதற்குச் சுரக்குறியீடும் ஒலிப்பதிவும் வேண்டும். அந்நூல் வெளிவந்த ஆண்டே 'விஷன்' பதிவான ஆண்டு. பதுளை நகரையும் தாக்கிய ஜூலை வன்செயலின் ஆண்டும் அதுவே. ஓராண்டில் நிகழ்ந்த மூன்றையும் ஒருங்கே நினைப்போருக்கு, மக்கள் இடம்பெயரும்போது பாடலும் இடம்பெயரும் என்பதும், காக்கப்படாத பாடல் பெயர்ந்த இடத்தில் மங்கிவிடும் என்பதும் விளங்கும். 1958 இல் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கிய குடும்பத்திடம் எழுதாக் கிளவிபோல் மனத்தில் பதிந்த பாடமும், அதை நாள்தோறும் சோதிக்கும் தந்தையும் இருந்தனர். லயன் அறைகளிலிருந்து கொழும்புக்கும் அயல்நாடுகளுக்கும் தொழில் தேடிச் செல்லும் இளைஞரிடம் பாட்டியின் தாலாட்டு அவ்வாறு பதிந்திருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

எனவே மலையக மெட்டுகளைப் பியானோவுக்கோ மின்கித்தாருக்கோ கொண்டு செல்ல விரும்பும் இளைஞரைத் தடுக்க வேண்டியதில்லை. அவர்கள் பின்பற்ற வேண்டிய வரிசையை மட்டும் எடுத்துக்காட்டுதல் போதும். முதலிற் கேட்டல், அடுத்துத் தொகுத்தல், அதன்பின் பயிலல், இறுதியிலேயே பிறருடன் கூடுதல். இவ்வரிசையில் வந்தமையாலேயே சங்கரால் ஒஸ்லோவில் அடங்கி நிற்க முடிந்தது. தன்னிடம் யாதும் இல்லாதவன் விட்டுக்கொடுப்பதற்கும் யாதும் இல்லை. கல்லூரிகளின் தமிழ் மன்றங்களும் இசை மன்றங்களும், விடுமுறை நாட்களில் மாணவரைத் தத்தம் தோட்டத்து முதியோரிடம் அனுப்பி, கைபேசியிலேனும் பாடல்களைப் பதிவுசெய்து, பாடியவரின் ஊரும் பாடப்படும் சூழலும் குறித்து, பயிற்சியுள்ள ஆசிரியரைக் கொண்டு சுரப்படுத்தி வைக்குமாயின், அது பெரும் பொருட்செலவின்றி நிறைவேறக்கூடிய பணியாகும். அத்தொகுப்பைக் கையிலெடுத்து ஒரு தாலாட்டை அதன் இயல்பு கெடாமல் வாசிக்கவல்ல கலைஞர் பின்னர் எவ்வூரிலேனும் தோன்றலாம்.